மழை பெய்த வீடியோ

அந்த வீடியோ ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வாக்கில் வந்தது. சித்திரை வெயில். அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அலுவலக போன் மிக்ஸிக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றது. ஞாயிறு எனக்கு விடுமுறை கிடையாது. போன் இருக்கும் இடம்தான் அலுவலகம்.

நான் ஒரு நாளிதழில் பன்னிரண்டு ஆண்டுகள் திண்டுக்கல் நிருபராக இருந்தவள். கலெக்டர் அலுவலக மனுநாள், அய்யலூர் ஆட்டுச் சந்தை, பூ மார்க்கெட், விபத்து, கொலை என்று எல்லாவற்றுக்கும் ஸ்கூட்டரில் போய் நின்று, மாலை ஆறு மணிக்குள் எழுதி அனுப்ப வேண்டும். பிறகு நாளிதழின் இணையப் பக்கத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது என்னை அதற்கு மாற்றினார்கள். அதோடு ஆறு மணிக் கெடு போயிற்று. எந்நேரமும் கெடுதான். வாசகர்கள் படமும் வீடியோவும் அனுப்ப ஒரு வாட்ஸ்அப் எண் கொடுத்திருந்தோம்; அது என் கையில். இந்த நிமிடம் எந்தச் செய்தியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டும் வரைபடமும் என் கையில். கோடு ஏறினால் மதுரையில் இருந்த டிஜிட்டல் பொறுப்பாளர் கட்டைவிரல் படம் அனுப்புவார். இறங்கினால் போன் செய்வார். என்னைவிடப் பத்து வயது இளையவர், மரியாதையாகத்தான் பேசுவார். ஆனாலும் அவர் பெயர் திரையில் வந்தாலே கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் போனை எடுப்பேன்.

வீடியோ அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். குறுகலான ஒரு சந்து, தார்ப்பாய் போர்த்திய லோடு ஆட்டோ. ஒருவர் தோலுரித்த விலங்கு ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு நீலக் கதவு வழியாக உள்ளே போகிறார். நீளமாக ஒரு வால் தொங்குகிறது. பின்னணியில் ஆண் குரல்: “பாருங்க மக்களே, திண்டுக்கல்ல பிரியாணிக் கடைக்கு நாய்க்கறி எறக்குறாங்க. ஞாயித்துக்கெழம பூரா சனமும் இதத்தான் திங்கப் போவுது.” கீழே கடையின் பெயரைப் போட்டிருந்தார்கள். பேகம்பூர்ப் பக்கம் ஒரு கணவனும் மனைவியுமாக நடத்தும் சின்னக் கடை. நானே அங்கே பார்சல் வாங்கியிருக்கிறேன்.

இரண்டாவது முறை பார்த்தபோது ஆட்டோவுக்குப் பின்னால் ஒரு பெண் குடை பிடித்துப் போவது தெரிந்தது. வெயிலுக்குப் பிடித்திருப்பாள் என்று நினைத்தேன். தார்ப்பாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஐஸ் உருகியிருக்கும் என்று நினைத்தேன். தரை மினுமினுத்தது. அதற்கு நான் காரணம் தேடவில்லை. வீடியோவை மூடிவிட்டேன்.

இதை இன்று எழுதும்போதும் கை தயங்குகிறது. மாசியிலிருந்து எங்கள் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. லாரித் தண்ணீருக்குத் தெருவில் குடங்கள் காத்துக் கிடந்த நாட்கள் அவை. நான் மழையைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, பார்க்காதது மாதிரி எனக்கு நானே பேசிக்கொண்டேன்.

அதற்குள் மதுரையிலிருந்து போன்.

“அக்கா, வீடியோ பாத்தீங்களா?”

“பாத்தேன். எங்க எடுத்ததுன்னு தெரியல. கடைக்காரர்ட்ட கேக்கணும்.”

“லோக்கல் சேனல் ரெண்டுல போட்டாச்சு அக்கா. மதுரை வரைக்கும் ஓடிக்கிட்டு இருக்கு. நம்ம இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கோம்.”

“செத்த நேரம் குடுங்க.”

“கடைப் பேரப் போட வேணாம். ‘பிரபல கடை’ன்னு போடுங்க. தலைப்புல கேள்விக்குறி வச்சிருங்க. நம்ம ஒண்ணும் சொல்லல, கேக்குறோம், அவ்வளவுதானே?”

கடையின் எண் என்னிடம் இருந்தது. அழைத்தேன். வேறு அழைப்பில் இருப்பதாக வந்தது. ஒரே ஒரு தடவைதான் அழைத்தேன். அடுப்பில் தோசை கருகிய வாசனை வந்தது. கல்லை இறக்கிவைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். ‘திண்டுக்கல் பிரியாணிக் கடையில் நாய்க்கறியா? வைரலாகும் வீடியோ.’ கடைசி வரியாக, ‘கடைத் தரப்பைத் தொடர்புகொள்ள முயன்றோம், பதில் கிடைக்கவில்லை’ என்று சேர்த்தேன். அந்த வரியில் பொய் இல்லை. அதனால்தான் அதை எழுதும்போது எனக்கு உறுத்தவில்லை.

போட்ட ஐந்தாவது நிமிடத்தில் கோடு ஏறத் தொடங்கியது. நான் பார்த்திராத ஏற்றம். என் செய்தியை இத்தனை பேர் ஒரே நேரத்தில் படிப்பது அதுவே முதல் முறை. மதுரையிலிருந்து மூன்று கட்டைவிரல்கள் வந்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

கருத்துப் பகுதியில் இரண்டே நிமிடத்தில் கடையின் பெயரைப் போட்டுவிட்டார்கள். அடுத்து ஒருவர் வழி சொன்னார். அதற்கடுத்தவர்கள் கறியை விட்டுவிட்டுக் கடைக்காரரின் மதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றிரண்டை நீக்கினேன். நீக்க நீக்க அதைவிட வேகமாக வந்தன. முன்பெல்லாம் வாசகர் கடிதம் அஞ்சலட்டையில் வரும். வந்து சேர நான்கு நாளாகும், அதற்குள் கோபம் பாதி ஆறியிருக்கும். இங்கே கோபம் சுடச்சுட வந்து இறங்கியது. ஒன்றைப் பார்த்து அடுத்தது கொதித்தது.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். யாரோ கடைவாசலிலிருந்து நேரலை போட்டிருந்தார். திறந்து பார்த்தேன். பத்துப் பதினைந்து ஆண்கள் பிரியாணி அண்டாவைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார்கள். அண்டா சாய்ந்தது. சோறும் கறியும் ஆவியோடு தார்ச்சாலையில் கொட்டின. நேரலை போட்டவர் கேமராவைத் திருப்பி, இன்னொரு போனைத் தூக்கிக் காட்டினார். அதன் திரையில் எங்கள் நாளிதழின் சின்னம். என் தலைப்பு. கேள்விக்குறியை அவர் கட்டைவிரல் மறைத்திருந்தது.

“ஏலே, பேப்பர்லயே வந்துருச்சுடா!” என்று கத்தினார்.

கேஸை அணைத்தேனா என்று நினைவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

தெருமுனையிலேயே வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. கூட்டம் அம்புட்டு நெருக்கம். ஏறக்குறைய எல்லார் கையிலும் போன் உயர்ந்திருந்தது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்ததும் முன்னால் நின்ற ஒருவர், “ப்ரெஸ்ஸு வந்துருச்சு, வழி விடுங்கப்பா” என்றார். வழி விட்டார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டில்கூட நீட்டினார். நான் அவர்கள் பக்கம் என்று நினைத்திருந்தார்கள். அன்று அதைவிட என்னைக் கூசவைத்தது வேறொன்றும் இல்லை.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதற்கு முன்னால் கடைக்காரர் நின்றார். ஐம்பது வயதிருக்கும். லுங்கியும் பனியனும், பனியனில் மஞ்சள்கறை. சட்டையைப் பிடித்து இழுக்கச் சட்டை இல்லாததால் பனியனின் தோள்பட்டையை ஒருவர் பிடித்திருந்தார். கடைக்காரர் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. “உள்ள வந்து பாருங்க. யாரு வேணுன்னாலும் வந்து பாருங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கத்தியதில் அவர் குரல் பாதி அடைத்திருந்தது.

“அக்கா, நீங்க உள்ள போயி லைவ் போடுங்க. அப்பத் தெரியும் இவன் வண்டவாளம்” என்றார் அவரைப் பிடித்திருந்தவர்.

குனிந்து ஷட்டருக்குள் போனேன். கடைக்காரரும் பின்னால் வந்தார். அடுப்படியில் அவர் மனைவி வெங்காயத் தட்டோடு சுவரில் சாய்ந்து நின்றார்.

“எந்தப் பேப்பரு?” என்று கேட்டார் கடைக்காரர்.

சொன்னேன்.

“அப்ப நீங்கதானா?”

“ஆமா பாய்.”

அவர் திட்டவில்லை. மேசைமேல் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். அவர் மனைவிதான் பேசினார்.

“அது என்ன வீடியோன்னு எங்களுக்கு இன்னும் காட்டல யாரும். போனுமேல போனா வருது, திட்டுறாங்க, வைக்கிறாங்க. நீங்களாச்சும் காட்டுங்க.”

தங்களை அடிக்க ஆள் திரட்டிய வீடியோவை அவர்கள் பார்த்திருக்கவே இல்லை. நான் போனை நீட்டினேன். அந்த அம்மா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். முழுவதும் பார்த்தார். ஒரே ஒரு முறை.

“என்னம்மா, இதுல மழை பேயுது?” என்றார்.

அவரே திரையில் விரல் வைத்துக் காட்டினார்.

“அந்தா, அந்தப் பொண்ணு குடை புடிச்சுப் போவுது பாருங்க. தண்ணி ஒழுவுது. நம்மூருல எப்பம்மா மழை பேஞ்சுச்சு?”

காலையிலேயே எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

“பின்பக்கம் கதவு இருக்கா?” என்று மட்டும் கேட்டேன்.

“இருக்கு. வாங்க.”

பின்கதவு தகரம், துரு நிறம். திறந்தால் இரண்டடி இடம், ஒரு துவைக்கிற கல், அப்பால் பக்கத்து வீட்டுச் சுவர். சந்தே கிடையாது. லோடு ஆட்டோ வந்து நிற்க வேண்டுமானால் அந்த வீட்டை இடிக்க வேண்டும். என் வீட்டிலிருந்து அந்தக் கடைக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிடம். காலையிலேயே வந்து ஒரு கதவைத் திறந்து பார்த்திருந்தால் முடிந்திருக்கும்.

வெளியே ஷட்டரை உதைக்கத் தொடங்கியிருந்தார்கள். வெயிலில் இறங்கி வாசற்படியில் நின்றேன். அத்தனை போன்களும் என் பக்கம் திரும்பின. பேசிப் பழக்கமில்லாதவள் நான்; எழுதியே பிழைத்தவள். முடிந்தவரை உரக்கச் சொன்னேன்: “அது இந்தக் கடை இல்ல. வீடியோவுல மழை பேயுது. நம்ம ஊருல மழை இல்ல. இந்தக் கடைக்குப் பின்னால சந்து இல்ல. நம்பலைன்னா ரெண்டு பேரு வந்து பாருங்க.”

உடனே கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல்: “உள்ள போயிட்டு வந்ததும் பேச்சு மாறுதே. என்ன கெடச்சுச்சு?”

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கத்தலைவிடப் பயமாக இருந்தது. ஒரு கண்ணாடி பாட்டில் தலைக்கு மேல் போய் ஷட்டரில் உடைந்தது. யாரோ தள்ளியதில் படியிலிருந்து சரிந்து, கொட்டிக் கிடந்த சோற்றில் கை ஊன்றினேன். சோறு இன்னும் சுட்டது. பனியனைப் பிடித்திருந்தவர்தான் என்னைத் தூக்கிவிட்டார். “ஏய், பொம்பளைய ஏன்டா தள்ளுறீங்க?” என்று பின்னால் பார்த்து அதட்டினார்.

அவர் கையை நான் விடவில்லை. “நீங்க வாங்க. நீங்களே பாருங்க” என்று உள்ளே இழுத்துப் போனேன். இன்னொருவரும் போனைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். கடைக்காரரின் மனைவி பின்கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். இருவரும் சுவரைப் பார்த்தார்கள். துவைக்கிற கல்லைப் பார்த்தார்கள். பனியனைப் பிடித்தவர் வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தார். முகம் மெல்ல இறங்கியது. மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன்.

“அப்ப வேற கடையா இருக்குமோ?” என்றார் அவர்.

“எந்தக் கடைடா?” என்றார் மற்றவர். இருவரும் வெளியே போனார்கள்.

அதற்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது. ஒரு பெண் எஸ்.ஐ. கூட்டத்தைக் கலைத்தார். உணவுப் பாதுகாப்புத் துறையிலிருந்து வந்தவர் குளிர்பெட்டியில் இருந்த கறியில் ஒரு துண்டை எடுத்து முத்திரை வைத்தார். கடைக்காரர், “வெள்ளிக்கெழமதாங்க அறுத்தோம். வியாழக்கெழம அய்யலூர்ச் சந்தையில புடிச்ச கெடா” என்றார். அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். கூட்டம் கலைந்தது. உண்மை தெரிந்து கலைந்தவர்கள் சிலர். போலீஸைப் பார்த்துக் கலைந்தவர்கள்தான் அதிகம். கலைந்து போகிறவர்கள் கையிலும் அந்த வீடியோ இருந்தது.

நான் தெருமுனையில் நின்று மதுரைக்கு அழைத்தேன்.

“அது பொய் வீடியோ. செய்திய எடுக்கணும்.”

“எடுத்தா லிங்க் போயிரும் அக்கா. தலைப்ப மாத்திக்கலாம். ‘நாய்க்கறிப் புகார்: கடை முன் பரபரப்பு’ன்னு வையுங்க. நீங்க ஸ்பாட்லதானே இருக்கீங்க? ஒரு லைவ் போடுங்களேன்.”

அவரும் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார், அவர் முன்னாலும் ஒரு கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அன்று எனக்கு அதெல்லாம் நினைக்கத் தெம்பில்லை. “நான் எடுக்குறேன்” என்று சொல்லிவிட்டு, அங்கேயே வெயிலில் நின்று நீக்கினேன். நீக்கி என்ன? அதைப் படம் பிடித்து வைத்தவர்கள் அனுப்பிக்கொண்டேதான் இருந்தார்கள்.

அன்று மாலை அலுவலக வழக்கப்படி ஒரு மறுப்புச் செய்தி போட்டோம். வீடியோ வேறு ஊரில் எடுக்கப்பட்டது, குரல் பிறகு சேர்க்கப்பட்டது என்று போலீஸ் சொல்கிறது, பொதுமக்கள் நம்ப வேண்டாம். சரியான செய்தி. கோடு தரையிலிருந்து எழவே இல்லை. காலையில் ஊரே படித்த விஷயத்தின் மறுபாதியைப் படிக்க ஆளில்லை. இரண்டு பேர் கருத்து எழுதினார்கள். ஒருவர் தன் ஊர்த் தெருவிளக்கு எரியவில்லை என்று.

மறுநாள் காலை யாரையும் கேட்காமல் எங்கள் இணையப் பக்கத்தில் என் பெயரிலேயே எழுதினேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். குடையைப் பார்த்தேன், தண்ணீர் சொட்டியதைப் பார்த்தேன், வெயில் என்றும் ஐஸ் என்றும் சமாதானம் செய்துகொண்டேன். ஒரே ஒரு தடவைதான் போன் செய்தேன். தவறு என்னுடையது. பின்கதவுக்குப் பின்னால் இருந்த சுவரின் படத்தையும் போட்டேன்.

அது ஓடியது. வசவுதான் அதை ஓட்டிச் சென்றது. விலைபோனவள் என்றார்கள். சோற்றில் கை ஊன்றி நான் விழுந்து கிடக்கும் படத்தை யாரோ எடுத்திருந்தார்கள்; அதன்மேல் வசனம் எழுதிச் சுற்றவிட்டார்கள். என் வீட்டுக்காரரின் பள்ளிக்கூடக் குழுவில்கூட வந்தது. ஆசிரியர் அறையில் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லையாம். என்னைத் திட்டப் பகிர்ந்தவர்கள் கூடவே அந்தச் சுவரையும் பகிர வேண்டியிருந்தது. அப்படித்தான் அந்தச் சுவர் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது. எந்தச் செய்திக்கும் எனக்கு இப்படி ஒரு வாசகர் கூட்டம் அமைந்ததில்லை. அழுதுகொண்டே படித்த கருத்துகள் உண்டு. ஆனால் மூன்றாம் நாள் ஒருவர், ‘சரி, அந்தக் கடையில தப்பில்லன்னு தெரியுது, இந்தப் பொம்பள மேலதான் தப்பு’ என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோது மூச்சு கொஞ்சம் சீரானது.

அலுவலகம் விளக்கம் கேட்டது. எழுதிக் கொடுத்தேன். செய்தி போடும் உரிமையை ஒரு மாதம் என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். நான் எழுதுவதை வேறொருவர் பார்த்துப் போட்டார். அந்த ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொன்னால் நம்ப வேண்டும்.

கடை பதினோரு நாள் பூட்டிக் கிடந்தது. பரிசோதனை முடிவு வந்தது: ஆட்டுக்கறி. அந்தத் தாளின் நகலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மதியம், ஒரு மேசையில் மட்டும் ஆள் இருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

“மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன் பாய்.”

“ஒங்க மன்னிப்ப நான் என்னம்மா பண்ணட்டும்? அண்டாவுலயா போடட்டும்?”

தாளை நீட்டினேன். அவர் மனைவி உள்ளிருந்து வந்து தாளை வாங்கிப் படித்தார். மடித்துக் கல்லாவுக்குள் வைத்தார்.

“அன்னைக்கு நீங்க போன் பண்ணுனப்ப நாந்தான் பேசிக்கிட்டு இருந்தேன்” என்றார். “எம் மக காந்திகிராமத்துல ஹாஸ்டல்ல இருக்கா. ஊருலேர்ந்து யாரோ திட்டி மெசேஜ் அனுப்புனாங்கன்னு எங்கிட்ட அழுதுக்கிட்டு இருந்தா. என்னன்னே தெரியாம சமாதானம் பண்ணிக்கிட்டு இருந்தேன். ரெண்டு நிமிசம் கழிச்சு இன்னொருக்கா போட்டிருந்தா எடுத்திருப்பேம்மா.”

அவர் குரலில் கோபமே இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். நான் உட்காராமலே திரும்பினேன்.

அதன் பிறகு நான் வேலையை விடவில்லை. விட்டுவிட்டதாக எழுதினால் அழகாக இருக்கும்; ஆனால் வீட்டுக்கு என் சம்பளம் தேவை, எனக்கும் வேறு தொழில் தெரியாது. வீடியோ வந்தால் சம்பந்தப்பட்டவரை மூன்று தடவை அழைப்பேன், முடிந்தால் நேரில் போவேன். அதனால் பல செய்திகளில் நாங்கள்தான் கடைசி. மதுரையிலிருந்து இன்னும் போன் வருகிறது. சில நாள் அவர் ஜெயிப்பார், சில நாள் நான்.

ஐப்பசியில் ஒருநாள், வாசகர் எண்ணுக்கு அந்தக் கடைக்காரரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. பிள்ளைகள் சாப்பிடும் மிட்டாயில் ஏதோ கலப்பதாக, பழனி ரோட்டில் ஒரு கடையைக் காட்டியது. ‘எங்க ஜமாத் குரூப்ல வந்துச்சு. அனுப்பலாமா?’ என்று கேட்டிருந்தார். வணக்கம், விசாரிப்பு எதுவும் இல்லை.

அந்தக் கடைக்குப் போனேன். பூட்டியிருந்தது. பக்கத்தில் கேட்டேன், ஒருவர் ஒன்று சொன்னார், இன்னொருவர் வேறு சொன்னார். உரிமையாளர் கீரனூர்ப் பக்கம் கல்யாணத்துக்குப் போயிருப்பதாகத் தெரிந்தது. மூன்று தடவை அழைத்தும் எடுக்கவில்லை. சாயங்காலம் பாய்க்குப் போன் செய்தேன்.

“இன்னும் தெரியல பாய். உண்மையா பொய்யான்னு எனக்குச் சொல்லத் தெரியல.”

மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

“சரி,” என்றார். “தெரியிற வரைக்கும் நான் யாருக்கும் அனுப்பல.”

வைத்துவிட்டார். மறுநாள் காலை மறுபடியும் பழனி ரோட்டுக்குப் போனேன்.